பழைய சித்திரக்கதைகளுக்கு வரலாறு எழுதும் தனிப் பதிப்பாளர்

இரும்புக்கை மாயாவியை அறியாத தமிழ் வாசகர் குறைவு. 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் அவனை நமக்கு அறிமுகம் செய்து வைத்தது. மின்சாரம் உடலில் பாய்ந்ததும் உருவம் மறைந்துபோக, எஃகினாலான கை ஒன்று மட்டும் அந்தரத்தில் மிதந்து செல்லும் காட்சியைப் பள்ளிப் பருவத்தில் கண்டு வியந்தவர்கள், இன்று டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். அந்த மாயாவியைப் படைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் பிறந்த இங்கிலாந்திலேயே, அக்கதையை வாரந்தோறும் காசு கொடுத்து வாங்கிப் படித்த சிறுவர்களுக்கும் அது தெரியாமல்தான் இருந்தது.

'வேலியன்ட்' என்னும் வார இதழின் முதல் இதழிலேயே, 1962 அக்டோபரில், அக்கதை தொடங்கிற்று. தொடக்கத்தில் எழுதியவர் கென்னத் புல்மர்; அவருக்குப் பின் டாம் டல்லி. சித்திரம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக் கலைஞரான ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்த மூவர் பெயரையும் இதழில் தேடினால் கிடைக்காது. அவை இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறிப்பெடுத்த தனி மனிதர் சிலரே. அவர்களுள் சிலர் தாம் திரட்டியதைத் தாமே நூலாக வெளியிடவும் துணிந்தார்கள். வீட்டின் ஓர் அறையே அலுவலகம். எழுதுபவர், திருத்துபவர், கணக்கெழுதுபவர், பார்சல் கட்டுபவர் அனைவரும் ஒருவரே. அத்தகைய பதிப்பாளரின் தொழில் எவ்வாறு நடக்கிறது என்பதை இங்கே சிறிது விளக்க முற்படுகிறேன்.

படைத்தவர் பெயர் ஏன் மறைக்கப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த் என்பவர் 1890இல் 'காமிக் கட்ஸ்' என்ற இதழை அரைப் பென்னி விலைக்கு வெளியிட்ட நாள் முதலாகவே, சித்திர இதழ் என்பது மலிவான சரக்கு. படித்து எறிந்துவிடத் தக்கது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, உரிமை முழுவதையும் நிறுவனமே எடுத்துக்கொள்ளும். பெயர் அச்சானால் வாசகர் அவரைத் தேடுவர், போட்டி நிறுவனம் அவரை அழைத்துக்கொள்ளும் என்ற அச்சம் வேறு. சித்திரத்தின் மூலையில் ஓவியர் இட்ட கையெழுத்தை வெள்ளை மை கொண்டு அழித்ததும் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி பெரிய புதுமையாகப் படவில்லை. எங்கள் பெயரும் தாளில் ஏறுவது அரிது. ஆனால் ஒரு செய்தி என்னையும் திடுக்கிட வைத்தது. 'லயன்' இதழில் 1965இல் தொடங்கிய ஸ்பைடர் கதையை, பின்னாளில் தமிழிலும் அடியார்கள் பலரைப் பெற்ற அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதையைச் சில காலம் எழுதி வந்தவர் ஜெரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர்! அவர் எழுதுகிறார் என்பது அச்சிறுவர்களுக்கு அறிவிக்கப்படவே இல்லை.

இத்துறையில் முன்னோடி என்று டெனிஸ் கிஃபோர்டைச் சொல்லலாம். 1874 முதல் 1974 வரை ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பிரிட்டனில் வெளியான சித்திர இதழ்களுக்கு அவர் ஒரு பட்டியல் நூல் தொகுத்து 1975இல் வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருக்குப் பின் வந்தவர்களுள் ஸ்டீவ் ஹாலண்ட் குறிப்பிடத்தக்கவர். பேர் ஆலி புக்ஸ் என்ற பெயரில் தம் நூல்களைத் தாமே பதிப்பித்தவர். அவர் எடுத்துக்கொண்ட இதழ்களுள் ஒன்று 'ரேஞ்சர்'. 1965 செப்டம்பரில் தோன்றி 1966 ஜூனில் வேறோர் இதழோடு இணைக்கப்பட்டது. மொத்தம் 40 இதழ்களே வந்தன. நாற்பது வாரம் வாழ்ந்து மறைந்த ஒரு சிறுவர் பத்திரிகைக்குத் தனி வரலாறு எழுத எந்தப் பெரிய பதிப்பகம் முன்வரும்? ஆனால் டான் லாரன்ஸ் வரைந்து பெரும் புகழ் பெற்ற 'டிரிகன் பேரரசு' அந்த நாற்பது இதழ்களுக்குள்ளேதான் பிறந்தது.

வேலை எளிதன்று. ஒவ்வோர் இதழையும் கண்ணால் கண்டு, எந்தக் கதை எந்த வாரம் தொடங்கி எந்த வாரம் முடிந்தது என்று குறிக்க வேண்டும். பெயரில்லாத சித்திரத்தை வரைந்தவர் யார் என்பதைக் கோட்டைக் கொண்டே கண்டறிய வேண்டும். விரல்களை வரையும் முறை, காதின் வளைவு, சட்டை மடிப்பில் விழும் நிழல் ஆகியவை ஓவியர்க்கு ஓவியர் வேறுபடும். பழகிய கண்ணுக்கு அவை கையெழுத்தைப் போன்றவை. எனினும் கண் ஏமாறுவதும் உண்டு. நிறுவனத்தின் பழைய கூலிக் கணக்கேடு ஏதேனும் குப்பைக்குப் போகாமல் தப்பியிருந்தால் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. இல்லையேல் முதுமையடைந்த ஓவியரையோ உதவி ஆசிரியரையோ தேடிச் சென்று கேட்க வேண்டும். 1962இல் இருபத்தைந்து வயது இளைஞராய் இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். இவ்வாண்டு கேட்காத கேள்வியை வரும் ஆண்டில் கேட்க முடியும் என்பதற்கு உறுதியில்லை.

மூல இதழ்களைப் பெறுவதும் இடரே. முதலாவது 'டாண்டி' இதழ் 1937இல் இரண்டு பென்னிக்கு விற்றது. அதன் பிரதி ஒன்று, உடன் வந்த இலவச ஊதலோடு சேர்த்து, 2004இல் 20,350 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. இவ்விலையில் எந்தச் சிறு பதிப்பாளர் வாங்குவார்? சேகரிப்பாளர்களின் நட்பே அவருக்கு மூலதனம். நூலகத்தை நாடலாம் என்றால், லண்டன் காலிண்டேலில் பழைய செய்தித்தாள்களுக்கென இருந்த பிரிட்டிஷ் நூலகப் படிப்பகம் 2013 நவம்பரில் மூடப்பட்டு, தொகுதிகள் யார்க்‌ஷயரில் உள்ள பாஸ்டன் ஸ்பாவுக்குச் சென்றன. 2023 அக்டோபரில் அந்நூலகத்தின் கணினி அமைப்புக் கயவர்களால் தாக்கப்பட, பல மாதங்கள் நூற்பட்டியலையே பார்க்க இயலாமற் போயிற்று. கிடைத்த இதழும் பழுப்பேறிய மட்டத்தாளாக இருக்கும். அதைப் படமெடுத்து, மஞ்சள் நிறத்தை நீக்கி, பின்பக்கத்து மை ஊடுருவிய கறையைத் துடைத்துச் சீர்செய்ய, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தாலும் வியப்பில்லை.

அடுத்தது உரிமைச் சிக்கல். மாயாவிக் கதையை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனம் பின்னர் ஐ.பி.சி.யில் கலந்தது. காலப்போக்கில் 1970க்கு முற்பட்ட கதைகள் ஒரு நிறுவனத்திடமும் பிற்பட்டவை வேறொன்றிடமும் போய்ச் சேர்ந்தன. ஆக்ஸ்போர்டிலுள்ள ரெபெல்லியன் நிறுவனம் 2016இலும் 2018இலும் இரு பகுதிகளையும் விலைக்கு வாங்கிய பின்னரே, பெரும்பாலானவற்றுக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பது தெளிவாயிற்று. விமர்சனத்துக்காகவும் மேற்கோளுக்காகவும் ஓரளவு படங்களை எடுத்தாளச் சட்டம் இடந்தருகிறது. முழுக் கதையையும் மறுபதிப்புச் செய்ய உரியவர் இசைவு வேண்டும். இதில் ஒரு விந்தை உண்டு. ஆசிரியர் பெயர் தெரியாத படைப்புக்குப் பிரிட்டனில் வெளியான ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் உரிமைக் காப்பு. அக்காலத்துக்குள் பெயர் தெரியவந்துவிட்டால், ஆசிரியர் மறைந்த பின் 70 ஆண்டுகள். ஆகவே பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியாளர், தாம் அனுமதி கேட்க வேண்டிய காலத்தைத் தாமே நீட்டித்துக்கொள்கிறார்! அதற்காக எவரும் தேடலை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

இனிப் பணம். ஒரு நூலின் விலை 20 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். கடை வழியாக விற்றால் கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் பாதி விலை கழிவாகப் போகும். அச்சுக்கூலி ஏழு பவுண்ட் ஆனால், மிஞ்சுவது மூன்று. நேரே வாசகருக்கு விற்றால் பன்னிரண்டு பவுண்ட் அளவில் நிற்கலாம். 300 பிரதிகளும் நேர் விற்பனையில் தீர்ந்தால் 3,600 பவுண்ட். இரண்டாண்டு உழைப்புக்கு இது ஊதியம். ஆங்கில நகரமொன்றில் சில மாத வீட்டு வாடகைக்குப் போதும். ஆகவே இப்பதிப்பாளர் பலர் வேறு எழுத்து வேலையோ ஓய்வூதியமோ கொண்டுதான் அடுப்பெரிக்கிறார்கள்.

முன்னாளில் ஆயிரம் பிரதி அச்சடித்தால்தான் கூலி கட்டுபடியாகும். விற்காதவை கட்டிலுக்கடியில் தூசி படியும். இப்போது கட்டளை வந்தபின் ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டு அனுப்பும் முறை வந்துவிட்டது. பிரதிக்குச் செலவு கூடினாலும் முதல் முடங்குவதில்லை. இத்தொழில் இன்று உயிரோடிருப்பதற்கு இம்முறையே பெருங்காரணம் என்பது என் கருத்து. அது தீர்க்காத துன்பம் தபால். கனத்த தாளில் அச்சான படநூல் எடை மிகுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின் சுங்கத் தாள்கள் சேர்ந்தன. 2024 டிசம்பர் 13 முதல், ஒன்றியத்துக்குள் பொருள் விற்போர் அங்கே பொறுப்பாளர் ஒருவரைக் காட்ட வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு இருபது நூல் விற்பவர் அதற்கெனக் கட்டணம் செலுத்துவாரா? சிறு விற்பனையாளர் சிலர் அந்நாடுகளுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் களம் சற்று விரிந்தது. புகழ் பெற்ற ஓவியர் ஜாக் கிர்பி 1994 பிப்ரவரியில் மறைந்தார். அவர் நினைவாக வடகரோலினா மாநிலத்து ராலே நகரில் ஜான் மாரோ என்ற விளம்பரக் கலைஞர் 16 பக்கச் செய்தி மடல் ஒன்றை நகலெடுத்து 125 அன்பர்களுக்கு அனுப்பினார். அதுவே டூமாரோஸ் என்ற பதிப்பகமாக வளர்ந்து, பழஞ்சித்திரக்கதை வரலாற்றுக்கென்றே நூல்களும் பருவ இதழ்களும் வெளியிட்டு வருகிறது. ஆயினும் அங்கும் நிலைபேறு இல்லை. சித்திரக்கதைக் கடைகளுக்கு நூல் வழங்குவதில் நெடுங்காலம் ஏகபோகமாயிருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் நொடித்துப்போயிற்று. விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் பதிப்பாளர்கள் அதன் கிடங்கில் வைத்திருந்த நூல்களையும் விற்றுக் கடன் தீர்க்க அது நீதிமன்றத்தின் அனுமதி கோரிற்று. தம் நூல் தமக்கே உரியது என்று பதிப்பாளர்கள் வழக்காட நேர்ந்தது. நூலுக்கு வரவேண்டிய பணமும் நின்று, வழக்கறிஞருக்குச் செலவும் சேர்ந்தால் சிறியவர் எவ்வாறு தாங்குவர்?

வாசகர் தொகையும் ஆண்டுதோறும் சுருங்குகிறது. 'வேலியன்ட்' முதல் இதழைப் பத்து வயதில் வாங்கிய சிறுவனுக்கு இப்போது எழுபதுக்கு மேல். இளைய வாசகரிடம் இந்நூல்கள் போய்ச் சேருவதற்குப் பழைய கதைகளே மீண்டும் கிடைக்க வேண்டும். அதற்கும் சிறிது வழி பிறந்திருக்கிறது. மாயாவியின் ஆங்கில மூலம் 2005இல் டைட்டன் புக்ஸ் வெளியீடாகவும், பின்னர் 2021இல் ரெபெல்லியன் வெளியீடாகவும் நூல்வடிவில் வந்தது. அவற்றில் படைத்தோர் பெயர் அட்டையிலேயே இடம்பெறுகிறது.

இருநூறு பேருக்காக அச்சிட்ட நூலாயினும், வெளியான ஒரு மாதத்துக்குள் ஒரு பிரதியைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அப்பிரதிக்கு ஆகும் செலவைப் பதிப்பாளர்கள் வருத்தத்தோடு எழுதுவதில்லை. இந்தியாவிலிருந்து இந்நூல்களை வரவழைக்க எண்ணும் நேயர்கள் முதலில் தபால் கட்டணத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. சில வேளைகளில் அது நூலின் விலையையே எட்டிவிடும். டூமாரோஸ் போன்ற சில பதிப்பகங்கள் மின்னூலாகவும் தருகின்றன, விலையும் குறைவு.