கூறையும் அறமும்

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் திருமணங்களில் இன்றும் போற்றப்பட்டுவரும் ஒழுக்கங்களுள் ஒன்று, மணவீட்டில் மரக்கறி உணவன்றிப் பிறிது சமையாமை. ஏனை நாள்களில் மீனும் இறைச்சியும் உண்ணும் குடும்பத்தாரும் மணநாளன்று அவற்றை அடுக்களைக்கு அணுகவிடார். ஓர் உயிரின் அழிவின்மீது மங்கலம் தொடங்குதல் தகாது என்னும் உணர்ச்சியே இவ்வொழுக்கத்தின் வேர். ஆயின், மணவறையில் வீற்றிருக்கும் மணமகளின் பட்டுக் கூறையோ ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொன்று பெற்ற நூலால் ஆயது. அடுக்களையில் விலக்கிய கொலையை மணவறையில் ஏற்றல் எவ்வாறு பொருந்தும் என்பது சிந்தித்தற்குரிய வினா.

வலிகாமத்துப் பண்டத்தரிப்பு முதலாய ஊர்களில் நிகழும் சைவத் திருமணத்திற் கூறை பெறும் இடம் தனிச் சிறப்புடையது. மணமகன் வீட்டார் கொண்டுவரும் கூறையும் தாலியும் தட்டில் வைத்துப் பூசிக்கப்பட்டுச் சபையோரின் ஆசியைப் பெறும். பின்னர் மணமகன் கூறையை மணமகள் கையிற் கொடுப்பான். அவள் அதனை உடுத்து மணவறைக்கு மீண்டபின்னரே தாலி கட்டப்படும். எனவே கூறையானது அலங்காரப் பொருள் என்னும் எல்லையைக் கடந்து, ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துப் பெண்ணைத் தன்னவளாக ஏற்றுக்கொள்வதன் அடையாளமாய் விளங்குகின்றது. இத்தகைய பொருள் எங்கிருந்து, எவர் உழைப்பால், எவ்வுயிரின் அழிவால் வந்தது என்று கேட்பது சடங்கின் பெருமைக்கு இழுக்காகாது, அதனைக் காப்பதேயாகும்.

கூறை என்பது ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அச்சொல்லிற் பட்டு என்னும் பொருள் இல்லை. தமிழ்நாட்டில் மயிலாடுதுறையை அடுத்துள்ள கூறைநாடு என்னும் ஊர் மணப்புடைவைக்குப் பெயர் பெற்றது. அவ்வூர் நெசவாளர் பருத்தியும் பட்டும் கலந்து, கட்டமிட்டு நெய்த சேலையே கூறைநாட்டுச் சேலை எனப் போற்றப்பட்டது. ஆகவே, முழுப்பட்டும் பொற்சரிகையும் இல்லாதது கூறையாகாது என்னும் எண்ணத்துக்கு மரபிற் சான்றில்லை. அது செல்வமும் வாணிபமும் பெருகிய காலத்தில் வந்து சேர்ந்த எண்ணமேயாம்.

பட்டு நூல் பெறப்படும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். முசுக்கட்டை இலையை உண்டு வளரும் பட்டுப்புழு, தன் வாயினின்று ஊறும் இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, அதனுட் கூட்டுப்புழுவாய் அடங்கியிருக்கும். ஒரு கூட்டின் இழை அறாது நீளும். அதன் நீளம் 600 முதல் 1,200 மீற்றர் வரை இருக்கும். அந்துப்பூச்சியாய் வெளிவர விடுத்தால் அது கூட்டைத் துளைத்து இழையை அறுத்துவிடும். அதனைத் தடுக்கும்பொருட்டு, புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை ஆவியிலோ கொதிநீரிலோ இட்டு அதனைக் கொல்வர். ஒரு கிலோகிராம் நூலுக்கு ஏறத்தாழ 5,000 கூடுகள் வேண்டும். அரைக் கிலோகிராம் பட்டு நூல் கொண்ட கூறை ஒன்றுக்கு ஏறத்தாழ 2,500 உயிர்கள் மடிகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

இக்கொலையை அறவோர் பலர் சுட்டிக் காட்டியுளர். காஞ்சி காமகோடி பீடத்தின் 68ஆவது பீடாதிபதியாய் விளங்கிய ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894–1994), பட்டுடுத்தலைக் கைவிடுமாறும் திருமணங்களைச் செலவு சுருக்கி நடத்துமாறும் தம் அடியார்க்கு மீண்டும் மீண்டும் அறிவுறுத்தினார். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சி மாநகரின் மடத்திலிருந்தே இவ்வறிவுரை எழுந்தமை கருதத்தக்கது. திருக்குறளின் 33ஆம் அதிகாரம் கொல்லாமைக்கே உரியது. ஆறுமுக நாவலர் (1822–1879) வழிவந்த யாழ்ப்பாணச் சைவமும் அவ்வறத்தையே ஒழுக்கத்தின் தலையாயதாய் வைத்துப் போதித்தது.

ஆடைக்கும் அறத்துக்கும் உள்ள தொடர்பு யாழ்ப்பாணத்து மாணவர்க்குப் புதியதன்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அவரை வரவேற்றவர்கள் மாணவர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர். அவர் இலங்கைக்கு வந்த நோக்கங்களுள் முதன்மையானது கதர் நிதி திரட்டுதல். உடுக்கும் துணி அதனை நூற்ற ஏழையின் வாழ்வோடு பிணைந்தது என்னும் கருத்தை அன்று குடாநாட்டார் நேரிற் கேட்டனர்.

கொல்லாமற் பட்டுப் பெறுதல் இயலுமா? ஆந்திர மாநிலக் கைத்தறித் துறையிற் பணியாற்றிய குசும ராஜையா என்பவர் 1990களின் தொடக்கந்தொட்டு இம்முயற்சியில் ஈடுபட்டார். பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பின்னரே நூலெடுக்கும் முறையை அவர் வளர்த்தார். அதுவே இன்று அகிம்சைப் பட்டு எனப்படுகின்றது. அறுபட்ட இழையைப் பஞ்சுபோல் நூற்க வேண்டியிருத்தலால் இதன் பளபளப்புக் குறைவு, விலை மிகுதி. அசாமில் வளர்க்கப்படும் எரிப்பட்டுப் புழுவின் கூடு இயல்பாகவே ஒருபுறம் திறந்தது. ஆயினும் அங்கே கூட்டுப்புழுவை உணவாகக் கொள்ளும் வழக்கம் உண்மையால், எரிப்பட்டு எல்லாம் கொலையற்றது எனக் கொள்ளலாகாது. பெயரைக் கேட்டு அமையாது, முறையைக் கேட்டறிந்து வாங்குதலே அறிவுடைமை.

புழுவின் உயிரோடு வினா முடிந்துவிடவில்லை. பட்டுத் தொழிலில் மனித உயிரும் வருந்தியுளது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று, கர்நாடகம், உத்தரப்பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் பட்டுத் தொழிலிற் கொத்தடிமைகளாய் உழைத்த சிறுவர்களின் நிலையை எடுத்துரைத்தது. பெற்றோர் பெற்ற முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியிலும் நூலெடுக்கும் கொதிநீர்த் தொட்டியிலும் கைவைத்து உழைத்தனர். இந்தியா 2016இற் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிலில் அமர்த்துதலை முற்றாகத் தடுத்தது. எனினும், பள்ளி நேரம் ஒழிந்த வேளையிற் குடும்பத் தொழிலுக்கு உதவுதலை விலக்காக வைத்தது. நெசவு பெரும்பாலும் வீட்டுத் தொழிலாதலின், வாங்குவோர் விழிப்பாயிருத்தல் இன்றும் வேண்டற்பாலது. கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக வாங்குதல், நெய்தவர் யாவர் என வினவுதல் என்பன அவ்விழிப்பின் வழிகள்.

மூன்றாவது, சாயம். கூறைக்குரிய செந்நிறத்தை முற்காலத்திற் செடி வேர்களே தந்தன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட சாயவேர் ஒல்லாந்தர் ஆட்சியில் அரசுக்கு வருவாய் ஈட்டிய பொருள்களுள் ஒன்று. அத்தகைய செந்நிறத்துக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை 1868இற் செருமானிய வேதியியலார் செயற்கையாய் ஆக்கினர். அதன்பின் நிலக்கரித் தாரிற் பிறந்த சாயங்கள் வேர்ச் சாயத்தை வென்றன. செயற்கைச் சாயத்தின் கழிவுநீர் தூய்மை செய்யப்படாது விடப்படின் என்னாகும் என்பதற்குத் தமிழ்நாட்டு நொய்யல் ஆறே சான்று. அவ்வாறு மாசுற்றமையால், 2011இற் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாது, சுண்ணக்கற் பாறையடியில் ஊறும் கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டார்க்கு இதன் பொருள் விளக்கப்பட வேண்டுவதில்லை.

இங்கே சில தடைகள் எழுதல் இயல்பு. பட்டே தூய்மையானது, பருத்தி சடங்குக்கு ஆகாது என்பர் சிலர். கூறைநாட்டுச் சேலை பருத்தி கலந்ததாயிருந்தும் மணச்சடங்குக்கு ஏற்கப்பட்டமை அதற்கு விடை. பட்டை விடுத்தால் நெசவாளர் பிழைப்பு என்னாவது என்பர் வேறு சிலர். நெசவாளன் கூலி தறியில் உள்ளது, புழுவில் இல்லை. பருத்தியையும் பட்டுக்கலப்பையும் கைத்தறியில் நெய்வித்தால் அவன் பிழைப்புக் கெடாது. கிழக்கிலங்கையில் மருதமுனைக் கைத்தறியாளர் பருத்தி நெசவைத் தொழிலாகக் கொண்டு வாழ்கின்றனர். இனி, செயற்கை இழைப் புடைவையை உடுத்தால் உயிர்க்கொலை இல்லையே என்பாரும் உளர். அவ்விழை எண்ணெய்க் கிணற்றிற் பிறந்து மண்ணில் மக்காது கிடப்பது. ஒரு தீங்கை நீக்க மற்றொன்றைக் கொள்வது தீர்வாகாது.

அங்ஙனமாயிற் செய்யத்தக்கது யாது? மரபு தானே அதற்கு வழிகாட்டுகின்றது. சடங்கு புதிதாய் வேண்டுவது கூறை ஒன்றையே. பொன்னுருக்கு முதல் நாலாஞ் சடங்கு வரையும், அதன்மேல் வரவேற்பு விழாவுக்கும் தனித்தனிப் புதுப்பட்டு வாங்க வேண்டும் என எவ்விதியும் விதிக்கவில்லை. ஒருமுறை உடுத்துப் பெட்டியில் வைக்கும் அவ்வாடைகளாற் பல குடும்பங்கள் கடனுட்படுகின்றன. அக்கடனுக்குரிய வட்டியை மணமக்களின் புதுவாழ்வே இறுக்க நேர்கின்றது. கூறை ஒன்றைக் கைத்தறிக் கலப்பு நெசவிலோ அகிம்சைப் பட்டிலோ தேர்ந்து, ஏனைய வேளைகளுக்குத் தாயின் பட்டையும் தமக்கையின் பட்டையும் உடுத்தால் புதிதாய் மடியும் உயிர்கள் மிகக் குறையும், செலவும் சுருங்கும். தாயின் சம்மதத்தோடு அவள் கூறையையே உடுத்து மணம்புரிதலும் இழுக்குடையதன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பெட்டகங்களில் விட்டுச் சென்ற பொருள்கள் எத்தனையோ அழிந்தொழிந்தன. அவற்றுக்குத் தப்பி ஒரு தாயின் கூறை எஞ்சியுள்ள வீட்டில், அதனினும் மங்கலமான ஆடை கடையிற் கிடைத்தல் அரிது.

பொன்னுக்கும் இதுவே நெறி. சிறு சுரங்கங்களிற் பொன்னைப் பிரித்தற்குப் பாதரசம் பயன்படுகின்றது. உலகிற் பாதரசம் காற்றிற் கலத்தற்கு அச்சுரங்கங்களே முதற் காரணம். 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அதனைக் குறைக்குமாறும் நாடுகளைக் கடப்படுத்துகின்றது. தாலிக்கெனப் பொன்னை உருக்கும் சடங்கை யாழ்ப்பாணத்தார் பொன்னுருக்கு என்பர். முன்னிருந்த பொன் உருகிப் புதுத் தாலியாதலை மங்கலமெனக் கொண்ட மரபு அது. பாட்டியின் பழைய நகையை உருக்கிப் பேர்த்திக்கு அணிசெய்தல் அம்மரபின் நீட்சியேயன்றி வேறன்று.

பண்டத்தரிப்பு என்னும் ஊர்ப்பெயர் பண்டங்கள் தரித்துச் செல்லும் இடம் என்று பொருள்படக் கிடக்கின்றது. மணப்பொருள் ஒவ்வொன்றும் வீட்டு வாயிலிற் சிறிது தரித்து, தான் வந்த வழியைக் கூறிவிட்டு உட்புகுமாயின், அடுக்களையில் ஒரு நெறியும் மணவறையில் ஒரு நெறியுமாய் நிற்கும் முரண் நீங்கும். அதனைக் கேட்டறிதற்கு உரியவர் கூறை எடுக்கச் செல்லும் மணமகன் வீட்டாரும், அதனை ஏற்கும் மணமகளும், இவ்விருவர்க்கும் அறம் கற்பிக்கும் கல்விக்கூடங்களுமேயாவர்.