உஷார்! பரணில் இருந்து இறக்கிய வால்வு ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வீடு எடுப்பவர்கள் பரணை ஒழிக்கும்போது, மரப்பெட்டி ரேடியோ ஒன்று இறங்கினால் ஆச்சரியமில்லை. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று ஏதோ ஒன்று. தூசி தட்டியதுமே வீட்டில் யாராவது சொல்வார்கள்: "பிளக்கைச் சொருகு, பாடுதான்னு பாப்போம்." வேண்டாம். நாற்பது, ஐம்பது வருஷம் சும்மா கிடந்த செட்டுக்கு எடுத்த எடுப்பில் 230 வோல்ட் கொடுத்தால் செட்டும் போகும், ஆளும் போகலாம்.

பிளக் எதிலும் சொருகாமல் இருக்கும்போதே பின்மூடியைக் கழற்றி, வால்வுகளின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். யுசிஎச்81, யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு'வில் தொடங்கினால் அது பெரும்பாலும் ஏசி/டிசி செட். கல்கத்தா போன்ற நகரங்களில் வீடுகளுக்கு டிசி கரண்ட் வந்த காலத்துக்கும், டிரான்ஸ்பார்மர் செலவை மிச்சம் பிடிக்கவும் ஏற்றதாகச் செய்தவை இவை. உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேஸிஸில் போய்ச் சேரும். ரெண்டு பின் பிளக்கை மாற்றிச் சொருகினால் அந்த இரும்புத் தகடு முழுக்க ஃபேஸ். சரியாகச் சொருகினாலும் நிம்மதி இல்லை. சேஸிஸ் பக்கக் கம்பியில் ஸ்விட்ச் இருந்தால், ரேடியோவை அணைத்த பிறகும் ஹீட்டர்கள் வழியாக சேஸிஸுக்கு ஃபேஸ் வந்து நிற்கும். குமிழ் உடைந்து வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் செட்டை ஒரு குழந்தை திருகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

"ஸ்டெபிலைசர் போட்டிருக்கோமே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வீட்டு ஸ்டெபிலைசர் வோல்டேஜைத்தான் ஒழுங்கு செய்யும், மெயின்ஸிலிருந்து உங்களைப் பிரித்து வைக்காது. அதற்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் என்று தனியாகவே இருக்கிறது. ஏசி/டிசி செட்டில் கை வைக்கும் எவருக்கும் அது கட்டாயம்.

இசிஎச்81, இஇசட்80 வகை எண்களோடு உள்ளே டிரான்ஸ்பார்மரும் இருந்தால் சேஸிஸ் பயம் குறையும், ஆபத்து தீராது. ரெக்டிஃபையர் வால்வைத் தாண்டி 250, 300 வோல்ட் டிசி ஓடுகிறது. அங்கே ஒரு கையும் சேஸிஸில் மறு கையும் பட்டால், வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்சிசிபி கண்டுகொள்ளாது. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது. செட்டை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் சார்ஜ் தங்கியிருக்கும். பத்து கிலோ ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டரைக் காப்புள்ள கிளிப்பில் பிடித்து அதை இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் சட்டென்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

செட்டுக்கு எமனும் அந்த ஃபில்டர் கண்டன்சர்தான். எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் ஆக்ஸைடு படலம் வருஷக்கணக்கில் கரண்ட் பார்க்காவிட்டால் சிதைந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறும்போது அது கசிந்து, சூடாகி, வெடிக்கும். போகிற போக்கில் ரெக்டிஃபையரையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து எரிக்கும். கண்டன்சர் கடையில் கிடைக்கும். அந்த மாடலுக்கான டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது? அதனால் பழையதை மாற்றிவிடுங்கள். 450 வோல்ட் தாங்குவதாக, மைக்ரோஃபாராட் பழைய அளவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஹம் குறையும் என்று மூன்று மடங்கு பெரிதாகப் போட்டால் ரெக்டிஃபையர் வால்வு தாங்காது. வால்வுக்குப் பதில் டயோடு வைப்பதும் தப்பு வழிதான். வால்வுகள் சூடாகும் முன்பே எச்டி எனும் உயர் வோல்டேஜ் எகிறி நிற்கும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சரையும் கையோடு மாற்றுங்கள். அது கசிந்தால் வால்வின் பிளேட் சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியும்.

எல்லாம் முடிந்த பிறகும் முதல் கரண்ட் சீரிஸில் இணைத்த பல்பு வழியாகத்தான். 60 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். இது செட்டைத்தான் காக்கும், உங்களை ஷாக்கிலிருந்து காக்காது.

மின்சாரம் எட்டாத ஊர்களில் ஓடிய பேட்டரி வால்வு செட்டுகளும் வரலாம். டிகே96, டிஎல்96 என்று 'டி'யில் தொடங்கும். ஃபிலமெண்டுக்கு 1.4 வோல்ட்தான். 5 வோல்ட் செல்போன் சார்ஜரை வைத்தாலே எல்லா வால்வும் ஒரே நொடியில் காலி.

இவ்வளவு மிரட்டுவது செட்டைத் தூக்கிப் போடச் சொல்லி அல்ல. 1939 மே 16-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவுக்குள்தான் இருந்தன. கோவையில் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். இந்தப் பெட்டிகள் அந்தக் காலத்தின் சொத்து. வால்வு செட்டில் கை பழகிய பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஷோகேஸில் வையுங்கள், அழகாகத்தான் இருக்கும். எதுவானாலும் இன்றைக்கே ஒரு வேலை செய்துவிடுங்கள். துணி சுற்றிய அந்தப் பழைய ரப்பர் ஒயர் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதைப் பிளக்கோடு வெட்டி எடுத்துவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டில் யாரும் அதைச் சொருக முடியாது.