‘ஆசம்’ என்று சொல்லுமுன்

ஒரு நாளில் எத்தனை முறை ‘ஆசம்’ என்கிறோம்! பீட்சா ஆசம், புது ஷூ ஆசம், பரீட்சை தள்ளிப்போனால் அதுவும் ஆசம். அதே வாயால் ஞாயிறு ஆராதனையில் தேவனையும் ‘ஆசம்’ என்று பாடுகிறோம். இந்தச் சொல்லின் பொருள்தான் என்ன?

இதன் முற்பாதி, பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அதற்கு அச்சம் என்றே பொருள். பிறகு, மிகப் பெரிய ஒன்றின் முன் நிற்கும்போது உண்டாகும் பயபக்தியைக் குறித்தது. அந்த உணர்வை எழுப்புவதே ‘ஆசம்’. ‘பிரமாதம்’ என்ற இன்றைய பொருள் 1980களில்தான் இளைஞர் பேச்சில் பெரிதாகப் பரவியது. அதே வேரில் பிறந்த ‘ஆஃபுல்’ வேறு பக்கம் போய், ‘படுமோசம்’ ஆகிவிட்டது.

இனி ஆதியாகமம் 28:17ஐத் திறப்போம். பெத்தேலில் கனவு கண்டு விழித்த யாக்கோபு, அந்த இடத்தைப்பற்றி ஒரு சொல் சொல்லுகிறான். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் அது ‘ட்ரெட்ஃபுல்’. 1982இல் வந்த நியூ கிங் ஜேம்ஸில் ‘ஆசம்’. நம் பெற்றோரின் தமிழ் வேதாகமத்தில் ‘பயங்கரம்’. மூன்றுக்கும் மூலம் ‘நோரா’ என்ற ஒரே எபிரெயச் சொல். அஞ்சத்தக்கது என்று அதற்குப் பொருள்.

இது தெரியாததால்தான் வீட்டு ஜெபத்தில் அப்பா 47ஆம் சங்கீதம் வாசித்து, கர்த்தர் ‘பயங்கரமானவர்’ என்றதும் நம்மில் சிலர் திகைக்கிறோம்: தேவன் நம்மைப் பயமுறுத்துகிறவரா? நாம் ‘ஆசம்’ என்று பாடினால், தேவனையும் பீட்சாவையும் ஒன்றாக்கிவிட்டார்களே என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். இரு தரப்பும் சொல்வதோ ஒன்றே. தமிழிலும் ‘படம் பயங்கரமா இருக்கு’ என்று மெச்சுகிறோமே! இரண்டு சொற்களும் புழங்கிப் புழங்கித் தேய்ந்தவைதாம்.

யாக்கோபைக் கவனியுங்கள். அவன் பயந்தான், ஆனால் ஓடவில்லை. ‘உன்னோடே இருப்பேன்’ என்று வாக்களித்தவர் அத்தனை பெரியவர் என்று கண்டே பயந்தான். தலைக்கு வைத்திருந்த கல்லைத் தூணாக நிறுத்தி, எண்ணெய் வார்த்துப் பொருத்தனை செய்தான். அந்தப் பயமும் அந்த நெருக்கமும் சேர்ந்ததே இச்சொல்லின் பொருள்.

நண்பர்களிடம் இனி ‘ஆசம்’ சொல்லவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் ஆங்கில வேதாகமத்தையும் தமிழ் வேதாகமத்தையும் அருகருகே வைத்து அந்த வசனத்தை வாசிப்போம். ‘பயங்கரம்’ என்றால் என்ன என்று அம்மா அப்பாவிடம் கேட்போம். ‘ஆசம்’ என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்வோம்.