ஹெலிகாப்டரில் ஏறிய ராடார்

"இந்தக் கணக்கெல்லாம் படித்து என்ன பயன்?" என்று எங்கள் வீட்டில் கேட்பதுண்டு. கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், பதில் சொல்லும் கடமையும் எனக்கே.

ராடார் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. அடிவானத்துக்குக் கீழே இருப்பது ராடாருக்குத் தெரியாது. ராடாரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கப்பலில் 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 20 கிலோமீட்டர். 900 மீட்டர் உயரே சென்றால் சுமார் 123 கிலோமீட்டர்!

1982 மே 4இல், ஃபாக்லாந்துப் போரின்போது, கடல்மட்டத்தை ஒட்டிப் பறந்துவந்த அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணை, பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலைத் தாக்கியது. நொடிக்குச் சுமார் 300 மீட்டர் பாயும் அந்த ஏவுகணைக்கு 20 கிலோமீட்டர் என்பது ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். 20 பேர் மாண்டனர். உயரே நின்று எச்சரிக்கும் ராடார் விமானம் எதுவும் அக்கப்பற்படையுடன் இல்லை.

அதன் பிறகே இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்களில் ராடாரைப் பொருத்தினர். பக்கவாட்டில் அமைந்த அதன் கூண்டு, பறக்கும்போது கீழே இறங்கும். சுமார் 11 வாரங்களில் வேலை முடிந்தது. ஆனால் ஜூன் 14இலேயே போர் முடிந்துவிட்டது!

பின்னர் மேம்படுத்தப்பட்ட சீ கிங், டாப்ளர் விளைவைக் கொண்டு, அசையாத தரையிலிருந்து ஓடும் வாகனங்களைப் பிரித்தறிந்தது. 2003இல் இராக் போர்க்களத்தைக் கண்காணித்த இவ்வகை, 2018இல் ஓய்வு பெற்றது.

வர்க்கமூலக் கணக்கு 1982க்கு வெகுகாலம் முன்பே தெரிந்ததுதான். தெரிந்ததை உரிய நேரத்தில் செயலாக்குவதே படிப்பின் பயன் என்பதே வீட்டாருக்கு என் பதில்.