ஒயின் பாட்டில் திறக்க பலம் வேண்டாம், பொறுமை போதும்! மலைக்கு டிரிப் போறவங்களுக்கு ஒரு கார்க் ஸ்க்ரூ பாடம்

கொடைக்கானல் டவுன் கூட்டத்தைத் தவிர்த்துட்டு பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி போளூர் வரைக்கும் போறவங்க இப்போ அதிகம். குளிருக்கு இதமா இருக்கட்டும்னு சிலர் பையில் ஒரு ஒயின் பாட்டிலும் வெச்சிருப்பாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் தெரியும், அது திருகுமூடி இல்லை, கார்க் என்று. திறக்கிற கருவியும் இருக்காது.

உடனே ஒருத்தர் போனில் வீடியோ காட்டுவார். ‘ஷூவுக்குள்ள பாட்டிலை வெச்சு சுவத்துல தட்டு மச்சி!’ தயவுசெஞ்சு வேண்டாம். கண்ணாடி உடைந்தால் கிழிவது உங்க கை. கொடைக்கானலில் இருந்து மன்னவனூருக்கே சுமார் 35 கிலோமீட்டர். போளூர் அதற்கும் அப்பால். பனிமூட்டத்தில் அந்த வளைவுகளைக் கடந்து தையல் போட ஓட வேண்டியிருக்கும்.

கார்க் ஏன் இவ்வளவு இறுக்கம்?

கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்துக்குத் தேவையான கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கார்க்கை நசுக்கி, 18 மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள கழுத்துக்குள் இறக்குகிறார்கள். உள்ளே போனதும் அது விரிந்து, சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வெறுங்கையால் இழுத்தால் அசையாது.

துப்பாக்கிக் குழலில் சிக்கியதை வெளியே எடுக்கப் பயன்பட்ட சுருள் கம்பிதான் கார்க் ஸ்க்ரூவுக்கு முன்னோடி என்பார்கள். 1795-ல் இங்கிலாந்துப் பாதிரியார் சாமுவேல் ஹென்ஷால் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று ஹோட்டல் சர்வர்கள் பாக்கெட்டில் வைத்திருக்கும் மடக்கு மாடல், 1880-களில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வீன்கே உருவாக்கியது. அதில் சின்னக் கத்தி, சுருள் கம்பி, நெம்புகோல் மூன்றும் இருக்கும். டிரிப் பையில் போட்டுவைக்க இதுதான் பெஸ்ட்.

திறப்பது எப்படி?

1. பாட்டிலை மேஜை மேல் நேராக நிறுத்துங்க. தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுக்கவே கூடாது.

2. வாய்க்குக் கீழே இருக்கும் தடிப்பை ஒட்டி, சின்னக் கத்தியால் ஃபாயிலைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு, துணியால் துடைங்க.

3. சுருள் கம்பியின் முனையை கார்க்கின் நடுவில் குத்தி, நிமிர்த்தி, வலப்பக்கமாகத் திருகுங்க. பாட்டிலைச் சுற்றாதீங்க, கருவியை மட்டும் சுற்றுங்க. கடைசி ஒரு சுற்று வெளியே தெரியும்போது நிறுத்திடுங்க. அடிவரை துளைத்தால் கார்க் தூள் ஒயினில் விழும்.

4. நெம்புகோலின் பள்ளத்தை பாட்டில் விளிம்பில் பதிய வைத்து, இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. இப்போ கைப்பிடியை நேர்மேலே தூக்குங்க. பாரத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும். இரண்டு பள்ளம் இருந்தால் பாதிக்கு மேல் இரண்டாவதுக்கு மாறுங்க.

5. கடைசித் துளியைக் கையால் பிடித்து, லேசாக ஆட்டி எடுங்க.

கார்க் பாதியில் உடைந்தால் பதறாதீங்க. மீதியில் கம்பியைச் சற்றுச் சாய்வாக இறக்கி மறுபடி தூக்குங்க. அதுவும் முடியலையா? உள்ளே தள்ளிவிட்டு, சுத்தமான டீ வடிகட்டியில் ஊற்றிக்கலாம்.

கார்க் ஸ்க்ரூவே இல்லைன்னா?

லைட்டரால் கழுத்தைச் சூடாக்குவது ரொம்ப ரிஸ்க். மலைக் குளிரில் சில்லென்று இருக்கும் கண்ணாடியில் ஒரே இடத்தில் நெருப்புப் பட்டால் விரிசல் விடலாம். கத்தியால் நெம்பினாலும் வழுக்கிக் கையில் இறங்கும்.

தங்குமிடத்தில் டூல்ஸ் இருந்தால் நீளமான மர ஸ்க்ரூ ஒன்றைக் கழுவி, கார்க்கில் முக்கால்வாசி திருகுங்க. பாட்டில் கழுத்தில் டவலைச் சுற்றி, ஸ்க்ரூவின் தலையை கட்டிங் பிளேயரால் பிடித்து மெதுவாக மேலே இழுங்க. அதுவும் இல்லையென்றால் பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோங்க. மூடியிருக்கும் ஒயின் இரண்டு நாளில் கெட்டுப்போகாது. அடுத்த முறை திருகுமூடி பாட்டிலாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பிரச்னையே இல்லை.

ஸ்பார்க்ளிங் ஒயின் என்றால் கார்க் ஸ்க்ரூவைக் கிட்டவே கொண்டுபோகாதீங்க. உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு. ஹேர்பின் வளைவுகளில் குலுங்கி வந்த பாட்டிலை சில மணி நேரம் அசையாமல் குளிர வைங்க. பிறகு யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் சாய்த்து, கார்க்கைக் கையால் அழுத்திப் பிடித்தபடி பாட்டிலைத் திருப்புங்க.

காலி பாட்டில் என்ன ஆகும்?

காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு, டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பத் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கி, கொடைக்கானல் உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் வந்தது. காட்டுமாடுகள் சாலையோரம் மேயும் ஊர் இது. வேறு எங்கே வாங்கிய பாட்டிலாக இருந்தாலும், காலியானதும் பையில் போட்டுக் கீழே கொண்டுவாங்க.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்கணும். குடிச்சுட்டு அந்த மலைப்பாதையில் வண்டி எடுக்கவே கூடாது. மது உடல்நலத்துக்குக் கேடு என்பது ஒயினுக்கும் பொருந்தும்.