மணிலாப் பிண்ணாக்கும் மரம் ஒட்டும் பிசினும்

மணிலாக்கொட்டையை ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுத் தீனிக்கும் எருவுக்கும் பயன்படுவதை யாவரும் அறிவர். அதனின்று மரத்தை ஒட்டும் பிசினும் செய்யலாகும் என்பதைப் பலர் அறியார்.

மெல்லிய மரத்தகடுகளைப் பிசினிட்டு அழுத்திச் செய்வது ஒட்டுப்பலகை. இக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் உபயோகமாவது யூரியாவும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினே. இதில் குடியானவர்களுக்கும் சம்பந்தமுண்டு. திருவொற்றியூரை அடுத்த மணலியில் 1971-இல் யூரியா உற்பத்தி தொடங்கிற்று. சர்க்கார் மானியத்தால் விலை தணிந்துள்ள இவ்வுரம், வயலுக்கு வராமல் ஆலைகளுக்குத் திருப்பப்படுவதைத் தடுப்பதும் ஒரு நோக்கமாக, 2015-இல் வேப்பெண்ணெய்ப் பூச்சு முழுமையும் கட்டாயமாக்கப்பட்டது. அன்றியும், பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் தீர்மானித்தது.

பிண்ணாக்குப் பிசின் புதியதன்று. 1920-களில் அமெரிக்காவில் சோயாப் பிசினால் ஒட்டுப்பலகை செய்தனர். 1940-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் நாராயணமூர்த்தி முதலியோர் மணிலாக்கொட்டைப் புரதத்தைப் பிசினுக்காக ஆராய்ந்தனர்.

எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கில் ஏறக்குறையப் பாதி புரதமாகும். நூலுண்டைபோற் சுருண்டுள்ள அப்புரதம், சுண்ணாம்போ காரச்சோடாவோ கலந்த நீரிற் பிரிந்து, மரத்தின் நுண்துளைகளிற் புகுந்து, உலர்ந்ததும் இறுகப் பற்றும். ஆயினும் ஈரம் பட்டால் நெகிழும், பூஞ்சணமும் பிடிக்கும். இக்குறைகளாலேயே இரசாயனப் பிசின்கள் இதனை விலக்கின.

எண்ணூர் முகத்துவாரத்துக் கற்களிற் பச்சை மட்டிகள் அலையிலும் அகலாது ஒட்டியிருப்பதைக் காணலாம். அத்தகைய மட்டி சுரக்கும் பசையும் ஒருவகைப் புரதமே. இதனைக் கவனித்து அமெரிக்காவின் ஆரிகன் ஸ்டேட் சர்வகலாசாலைப் பேராசிரியர் கைசாங் லீ, சோயாப் புரதத்துடன் வேறொரு பிசினைச் சேர்த்து, ஈரந்தாங்கும் பசை கண்டார். 2005 முதல் அங்கு அதனால் ஒட்டுப்பலகை செய்து விற்கின்றனர்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. இதனை நம்பி மணிலாச் சாகுபடியை இப்போதே பெருக்க வேண்டுவதில்லை.

2. அதிகச் சூட்டில் ஆட்டிய பிண்ணாக்கின் புரதம் நன்கு கரையாது. ஆகையால் அது பிசினுக்கு ஏற்றதன்று.

3. கொட்டையை 8 சதவிகித ஈரத்துக்குள் உலர்த்திச் சேமித்தால் நச்சுப் பூஞ்சணம் பிடியாது. பிண்ணாக்கு எதற்கும் நல்ல விலை பெறும்.

4. யூரியா மூட்டைகள் ஊரைவிட்டு வெளியேறாவண்ணம் கிராம அதிகாரிகள் கண்காணித்தல் அவசியம். ஒரு மூட்டை ஆலைக்குச் சென்றால் ஒருவர் பயிருக்கு அது குறைகிறது.