பனியும் பின்சக்கரமும்

தமிழில் பனி என்ற சொல் ஒன்றே பல பொருள்களுக்கு நின்று உழைக்கிறது. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனி; சேர்வராயன் மலையில் கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி; இமயத்தில் கூரையளவு குவியும் வெண்பொடியும் பனிதான். முதல் இரண்டையும் நாம் அறிவோம். மூன்றாவதைப் பெரும்பாலும் படத்திலேயே கண்டிருக்கிறோம். ஆயினும், மோட்டார் வண்டியின் சக்கரத்தைக் கேட்டால், இந்த வேறுபாடு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதன்று என்றே அது சொல்லும். தரை சக்கரத்தைப் பற்றுகிறதா, நழுவவிடுகிறதா என்ற ஒரே கேள்விதான் அதற்கு உண்டு.

இதை எனக்கு உணர்த்தியது ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்தில் ஒரு மார்கழி மாலை. காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. தோட்டத்து மூட்டைகளை ஏற்றிவரக் காலியாகச் சென்ற பிக்கப் வண்டி ஒன்று, செம்மண் மேட்டில் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. பின்சக்கரம் ஒன்று சுழன்று சேற்றை வாரி இறைக்கிறது, வண்டியோ அசையவில்லை. இளைஞரான ஓட்டுநர், வழியே வந்த பழம் பறிக்கும் பெண்கள் நால்வரைப் பின்னால் ஏறி நிற்கச் சொன்னார். பாரம் கூடினால் ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. அவர்களும் ஏறினார்கள். அப்போது அங்கு வந்த முதிய ஓட்டுநர் ஒருவர், "தம்பி, கணக்கு சரிதான். ஆனால் ஆளை இறக்கு, கல்லை ஏற்று" என்றார்.

கணக்கு ஏன் சரி என்பதை முதலில் பார்ப்போம்.

பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் முன்னே இருக்கிறது. அதன் விசையோ நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. சுமை பின்தட்டில் அமர்வதால், அந்தச் சுமையே பின்சக்கரங்களைத் தரையில் அழுத்தி இழுவைக்குத் துணை செய்யட்டும் என்பது அமைத்தவர்களின் எண்ணம். மேடு ஏறும்போது எடை மேலும் சற்றுப் பின்னோக்கிச் சாய்வதால், பாரம் ஏற்றிய வண்டிக்கு இது மிகப் பொருத்தமான அமைப்பு. ஆனால் சுமையை இறக்கிவிட்டால் நிலைமை தலைகீழ். எடையில் பெரும்பகுதி எஞ்சினோடு முன்னே இருக்க, இழுக்க வேண்டிய பின்சக்கரங்கள் தரையை மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். சுமப்பதற்கென்றே பிறந்த வண்டி, சுமையில்லாதபோது தள்ளாடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலி வண்டியின் எடை 1,700 கிலோ. அதில் 1,000 கிலோ முன்சக்கரங்களின் மேலும் 700 கிலோ பின்சக்கரங்களின் மேலும் இருப்பதாகக் கொள்வோம். பத்தடிக்கு ஓரடி உயரும் சாலையில் வண்டி ஏற, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 170 கிலோ அளவு இழுவிசை வேண்டும். ஈரமான தார்ச் சாலை, சக்கரத்தை அழுத்தும் எடையில் ஏறத்தாழப் பாதியளவு பிடிப்பைத் தரும். 700-இல் பாதி 350. வண்டி எளிதாக ஏறிவிடும். அதே சாலை, மிதிபட்டு இறுகிய வெண்பனியால் மூடப்பட்டிருந்தால் பிடிப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். 700-இல் ஐந்தில் ஒரு பங்கு 140தான். வேண்டியதோ 170. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் பயனில்லை. இப்போது பின் அச்சுக்கு நேர் மேலே 400 கிலோ மணல் மூட்டைகளை வைப்போம். பின்சக்கரங்களின் மேல் 1,100 கிலோ, பிடிப்பு 220. மொத்த எடை 2,100 ஆகிவிட்டதால் வேண்டிய இழுவிசையும் 210 ஆகிறது. இருந்தும் வண்டி ஏறுகிறது! சில நுட்பமான தடைகளை இங்கே விட்டுவிட்டேன், கருத்து மாறாது. குளிர்நாடுகளில் பிக்கப் வைத்திருப்போர் பனிக்காலம் தொடங்கியதும் மணல் மூட்டைகளைப் பின்தட்டில் கட்டிவைப்பது இதனால்தான். சிக்கிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தின் அடியில் தூவவும் செய்யலாம்.

மூட்டை அச்சுக்கு நேர் மேலே இருப்பது முக்கியம். கடைக்கோடியில் வைத்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். திருப்ப வேண்டிய முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்.

நாகலூர் மேட்டில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்றது என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் டயர் தேய்ந்து இழுபடும். ஆகவே பின் அச்சின் நடுவே 'டிபரென்ஷியல்' என்ற பல்சக்கரத் தொகுதியை வைத்தார்கள். அது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும். ஆனால் இரண்டுக்கும் சமமான திருகுவிசையையே பங்கிடும். இங்கேதான் வம்பு. சேற்றில் நிற்கும் சக்கரம் சிறிதளவு விசையைத்தான் ஏற்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சிறிதளவே கிடைக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சேற்றுச் சக்கரம் தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும். மெல்ல, இரண்டாவது கியரில் நகர்த்திப் பார்ப்பதே அறிவு.

வெண்பனி உண்மையாகவே பெய்யும் நம் நாட்டுச் சாலைகளில் இத்தகைய உபாயங்கள் மட்டும் போதா. காஷ்மீரத்தையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாய் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி பூட்டுகிறார்கள். இழுக்கும் சக்கரத்துக்கே சங்கிலி வேண்டும் என்பதால் பிக்கப் வண்டிக்குப் பின்சக்கரத்தில் பூட்ட வேண்டும். ரோதாங் கணவாயின் அடியில் 2020-இல் 9 கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. ஆயினும் கடும்பனி நாட்களில் மணாலியிலிருந்து நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளையும் சங்கிலி பூட்டியவற்றையுமே போலீசார் மேலே விடுவது வழக்கம்.

ஏறுவதைப் பற்றியே பேசிவிட்டேன். இறங்குவது இன்னும் கடினம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். இறக்கத்தில் எடை முன்னே சாய்வதால், காலி வண்டியின் பின்பகுதி மேலும் இலேசாகிறது. அந்த நேரத்தில், வளைவின் நடுவே, சட்டென்று கீழ்க் கியருக்கு மாற்றினால் எஞ்சினின் தடை முழுவதும் பின்சக்கரங்களின் மேலேயே விழும். அவை பிடிப்பிழந்து நழுவ, வண்டியின் வால் முன்னே வரப் பார்க்கும். சில்வர் ஓக் சருகுகள் நனைந்து ஒட்டிக் கிடக்கும் இடத்தில் இதற்குப் பனிக்கட்டி தேவையே இல்லை. கியரை வளைவுக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். வால் வலப்புறம் ஒதுங்கினால் ஸ்டியரிங்கையும் வலப்புறமே திருப்ப வேண்டும். கிளட்ச்சை மிதிக்கலாம், பிரேக்கைத் தொடலாகாது.

மணல் மூட்டை இங்கே காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். எடை கூடினால் பிடிப்பும் கூடும். நிறுத்த வேண்டிய பொருளும் அதே அளவு கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்தபின் உலர்ந்த தார்ச் சாலையில் சுமார் 9 மீட்டரிலும், ஈரச் சாலையில் 13 மீட்டரிலும், இறுகிய பனியில் 31 மீட்டரிலும் நிற்கும். பாரம் இந்தத் தூரத்தைக் குறைப்பதில்லை. வேகம் பாதியானால் தூரம் கால் பங்காகும்.

முதியவர் ஆளை இறக்கச் சொன்னதன் நியாயம் இப்போது விளங்கும். கல் கட்டுண்டு கிடக்கும். நழுவும் வண்டியின் பின்தட்டில் நிற்கும் மனிதருக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இராது. வண்டி பின்னோக்கிச் சரிந்தால் முதலில் விழுபவர் அவரே. இழுவைக்காக மனிதரைப் பாரமாக்குவதைச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று கற்களை அச்சின் மேல் அடுக்கிக் கயிற்றால் கட்டினார்கள். சக்கரத்தின் அடியில் சருகையும் சரளையையும் இட்டார்கள். மூன்றாம் முயற்சியில் வண்டி மேடேறியது. தோட்டத்தில் கற்களை இறக்கி, மூட்டைகளை ஏற்றி, அது மூட்டத்தினூடே முதல் கியரில் ஊர்ந்து திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த நான்கு பெண்களும் குறுக்குப் பாதையில் நடந்து, அதற்கு முன்பே தார்ச் சாலையை அடைந்திருந்தார்கள்.